தமிழ்நாட்டில் கொரியர்: குடியேற்றமா, தங்கலா? – புலம்பெயர் கொரியரின் மக்கள்தொகையும் வாழிடப் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

தாய்நாட்டுக்கு வெளியே ஏறத்தாழ 70 இலட்சம் கொரியர் வாழ்கின்றனர். அவர்களுள் இந்தியாவில் வாழ்வோர் தொகை மிகச் சிறிது. எனினும் 1996க்குப் பின் சென்னையிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உருவாகியுள்ள கொரியர் வாழிடம், உலகக் கொரியர் குடியேற்றங்களின் பழைய வகைகளுள் எதிலும் அடங்காத தன்மையுடையது. இங்கே கூட்டம் நிலையாக இருக்கிறது. கூட்டத்தில் உள்ளோர் மாறிக்கொண்டே இருக்கின்றனர். இத்தன்மையைத் தோற்றுவித்த காரணங்களையும், அது நகரத்தின் எப்பகுதிகளில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதையும், அதனைச் சார்ந்து உண்மையில் குடியமர்ந்தோர் யாவர் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொரியர், புலம்பெயர்வு, குடியேற்றம், தங்கல், ஸ்ரீபெரும்புதூர், கொடைக்கானல், சத்திரம்

முன்னுரை

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டு பெயர்களும் வழிப்போக்கர் தங்கிச் சென்ற இடங்களை நினைவூட்டுவன. முதற்பெயரில் மற்றொரு செய்தியும் உண்டு. ரெட்டியார் என்பது விசயநகர, நாயக்கர் ஆட்சிக் காலங்களையொட்டித் தமிழகச் சமவெளிகளில் பரவிய தெலுங்கு பேசும் குடிகளுள் ஒன்றன் பெயர். ஆக, வந்து குடியமர்ந்தோரின் பெயரும், வந்து தங்கிப் போவோருக்கான இடத்தின் பெயரும் ஓர் ஊர்ப்பெயரில் இணைந்துள்ளன. குடியமர்தல், தங்குதல் ஆகிய இரண்டையும் இன்றைய புலம்பெயர்வு ஆய்வுகள் பல வேளைகளில் ஒன்றாகவே எண்ணிவிடுகின்றன. தமிழ்நாட்டில் வாழும் கொரியரைப் பற்றிய எழுத்துகளில் இக்குழப்பத்தை மிகுதியாகக் காணலாம். நாளிதழ்கள் ‘குட்டிக் கொரியா’ என்று எழுதுகின்றன. அங்கே குடியமர்ந்த கொரியர் எத்தனை பேர் என்னும் வினாவை எழுப்பினால் விடை எளிதாகக் கிடைப்பதில்லை. இக்கட்டுரை அவ்வினாவிலிருந்து தொடங்குகிறது.

எண்ணிக்கை உணர்த்துவதும் மறைப்பதும்

வெளிநாடுவாழ் கொரியர் பற்றிய கணக்கைக் கொரிய அரசு இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை தொகுத்து வெளியிடுகிறது. முன்னர் வெளியுறவு அமைச்சகத்திடம் இருந்த இப்பணி, 2023இல் இஞ்சோன் நகரில் நிறுவப்பட்ட வெளிநாடுவாழ் கொரியர் முகமையிடம் சென்றது. 2023ஆம் ஆண்டுக் கணக்கின்படி மொத்தத் தொகை ஏறத்தாழ 70.8 இலட்சம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் 26 இலட்சம், சீனாவில் 21 இலட்சம், சப்பானில் 8 இலட்சம், கனடாவில் 2.5 இலட்சம் என்பன இதன் பெரும்பகுதிகள். ஐந்து கோடியைச் சற்றே தாண்டிய மக்கள்தொகையுடைய தென்கொரியாவுக்கு இது பெருந்தொகையே.

இக்கணக்கில் இரு வகையினர் அடங்குவர். ஒரு வகையினர் கொரியக் கடவுச்சீட்டு உடையோர். மற்றொரு வகையினர் பிறநாட்டுக் குடியுரிமை பெற்ற கொரிய வழியினர். மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் இரண்டாம் வகையினர் ஆவர். இவ்வேறுபாட்டைக் கருதாது வெறும் எண்களை ஒப்பிட்டால் தவறான முடிவுகளே கிடைக்கும். சான்றாக, அதே 2023ஆம் ஆண்டுக் கணக்கில் உசுபெக்கிசுத்தானுக்கும் வியட்நாமுக்கும் உரிய தொகைகள் ஏறக்குறைய ஒன்றே, இரண்டும் 1.75 இலட்சத்தை ஒட்டியவை. உசுபெக்கிசுத்தானில் வாழ்வோர் 1937இல் சுடாலின் ஆணையால் நாடுகடத்தப்பட்டோரின் வழித்தோன்றல்கள். அவர்களுள் பெரும்பாலோரின் அன்றாட மொழி உருசியம். அவர்களின் கல்லறைகளும் பண்ணைகளும் பேரன் பேத்தியரும் அம்மண்ணிலேயே உள்ளனர். வியட்நாமில் வாழ்வோரோ, 1992 டிசம்பரில் இரு நாடுகளுக்கும் இடையே தூதரக உறவு மலர்ந்த பின்னர், ஆலைகளுடனும் வணிகத்துடனும் சென்றோர். அவர்களிடம் இருப்பது கொரியக் கடவுச்சீட்டு. எண் ஒன்றாயினும் முன்னது குடி. பின்னது பெரும்பாலும் தங்கல்.

இந்தியாவுக்கு இக்கணக்குகள் தரும் தொகை அண்மை ஆண்டுகளில் 10,000க்கும் 12,000க்கும் இடைப்பட்டதாகவே இருந்துவருகிறது. ஏறத்தாழ அனைவரும் கொரியக் குடியுரிமை உடையோர். தலைநகர்ப் பகுதியும் சென்னையும் இவர்கள் மிகுதியாக வாழும் இரு நகரங்கள். சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றி எழுதுவோர் சில ஆயிரங்கள் என்னும் அளவில் கணக்கிடுகின்றனர். இத்தொகையை ஆண்டுதோறும் ஏறும் வளர்ச்சியாக நோக்குவதைவிட, நிரம்பி வடிந்து மீண்டும் நிரம்பும் ஏரி நீர்மட்டம் போன்றதாக நோக்குவது பொருந்தும். 2020 ஏப்ரலில் பெருந்தொற்று ஊரடங்கின்போது சென்னையிலிருந்து கொரியரை ஏற்றிக்கொண்டு சிறப்பு வானூர்திகள் புறப்பட்டன. ஒரு குடியேற்றம் அவ்வாறு சில வாரங்களில் கலைந்து பின்னர் மீண்டும் கூடுவதில்லை.

பழைய புறப்பாடுகள்

தமிழ்நாட்டு நிலையை மதிப்பிடுவதற்குக் கொரியரின் முந்தைய புறப்பாடுகளைச் சுருக்கமாகவேனும் அறிதல் வேண்டும். 1860களில் வடகொரிய எல்லைப்புற உழவர்கள் பஞ்சத்தால் தூமன் ஆற்றைக் கடந்து உருசியத் தூரக் கிழக்கிலும் மஞ்சூரியாவிலும் நிலம் திருத்தினர். மஞ்சூரியப் பகுதியினரின் வழியினருக்காகவே 1952இல் சீனாவில் யென்பியன் கொரியர் தன்னாட்சிப் பகுதி அமைந்தது. உருசியப் பகுதியினருள் ஏறத்தாழ 1,72,000 பேர் 1937இல் தொடர்வண்டிகளில் நடு ஆசியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903 சனவரியில் ‘கேலிக்’ என்னும் கப்பலில் 102 கொரியர் ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்று சேர்ந்தனர். 1905இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதிக் கற்றாழைத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அனுப்பப்பட்டனர். இலங்கை, மலேயா, பிஜி தோட்டங்களுக்குச் சென்ற தமிழரின் வரலாற்றை அறிந்தோர்க்கு இச்செய்திகள் அயன்மையாகத் தோன்றா.

சப்பானியப் பேரரசுக் காலத்தில் வேலை தேடியும் வலிந்து இழுக்கப்பட்டும் சென்றோர் 1945இல் சப்பானில் 20 இலட்சம் அளவில் இருந்தனர். போர் முடிந்தபின் பெரும்பாலோர் திரும்ப, ஏறத்தாழ 6 இலட்சம் பேர் அங்கேயே தங்கினர். ஒசாக்கா நகரின் இக்குனோ வட்டாரம் அவர்களின் வாழிடங்களுள் பெயர்பெற்றது. 1963இல் மேற்கு செருமனியின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும், பின்னர் அதன் மருத்துவமனைகளுக்கும் கொரியத் தொழிலாளரும் செவிலியரும் அனுப்பப்பட்டனர். 1965ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் குடும்பத்தோடு குடியேற வழி திறந்தது. லாஸ் ஏஞ்சல்சு கொரியர் நகர் அதன் விளைவு. இன்று அந்நகரில் கொரியரைவிட இலத்தீன் அமெரிக்க வழியினரே மிகுதி. கடைகளின் உரிமை கொரியரிடம் இருக்க, அவர்களுள் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். கடைகளில் உழைப்போர் அப்பகுதியிலேயே வாழ்கின்றனர். இச்செய்தி ஸ்ரீபெரும்புதூரைப் பற்றிப் பேசுமிடத்து மீண்டும் தேவைப்படும்.

இவை அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. சென்றோர் எளியோர், சென்ற நாடு அவர்களின் நாட்டைவிடச் செல்வம் மிக்கது, அல்லது நிலவளம் மிக்கது. 1990களுக்குப் பின் இந்த ஓட்டம் திசை மாறியது. முதலீடு முன்னே செல்ல, அதனை நடத்துவோர் பின்னே சென்றனர். பெய்சிங்கின் வாங்சிங், ஹனோயின் மீதிங், ஹோ சி மின் நகரின் பூ மீ ஹுங் ஆகிய வட்டாரங்கள் இவ்வகையில் உருவானவை. சென்னை இவ்வரிசையைச் சேர்ந்தது.

1954: மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கியோர்

சென்னைக் கொரியர் வரலாற்றை 1996இலிருந்தே தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அதற்கு 42 ஆண்டுகளுக்கு முன்னரே கொரியர் ஒரு குழுவாக இந்நகரின் துறைமுகத்தில் வந்திறங்கினர் என்பது பலரும் அறியாத செய்தி. கொரியப் போர் 1953 சூலையில் நின்றபோது, தாயகம் திரும்ப மறுத்த போர்க்கைதிகளைக் கண்காணிக்கும் பொறுப்பை நடுநிலை நாடுகளின் ஆணையம் ஏற்றது. அதன் தலைவராக இந்தியத் தளபதி திம்மையா அமைந்தார். வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, நடுநிலை நாடொன்றே வேண்டும் என உறுதியாக நின்றோர் 88 பேர். அவர்களுள் 76 பேர் கொரியர். 12 பேர் சீனர். 1954 பிப்ரவரியில் இந்தியக் காவற்படையோடு ‘அசுத்தூரியாஸ்’ என்னும் கப்பலில் அவர்கள் மெட்ராஸ் வந்தடைந்து, பின்னர் தில்லிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். ஓரிரு ஆண்டுகள் கழித்து அவர்களுள் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்செந்தீனாவுக்கும் பெயர்ந்தனர். ஒருசிலரே இந்தியாவில் நிலைத்து வாழ்ந்தனர்.

கொரியப் புதின ஆசிரியர் சே இன்ஹூன் 1960இல் எழுதிய ‘சதுக்கம்’ என்னும் புதினம் இந்நிகழ்வைக் கருவாகக் கொண்டது. நடுநிலை நாட்டை நோக்கிச் செல்லும் கப்பலுக்கு அவர் சூட்டிய பெயர் ‘தாகூர்’. கதைத்தலைவன் கரை சேர்வதில்லை. புதினத்தில் கரை சேராதவன் ஒருவன். வரலாற்றில் கரை சேர்ந்தோர் 76 பேர். அவர்களுக்கும் இக்கரை வழியே ஆயிற்று. மெட்ராஸ் அவர்களுக்கு ஓர் இறங்குதுறை மட்டுமே. இந்நகரோடு கொரியர் கொண்ட தொடர்பில் ‘தங்கிச் செல்லல்’ என்னும் தன்மை தொடக்கத்திலேயே இருந்தது என்று கூறுவது மிகையாகலாம். இரு நிகழ்வுகளுக்கும் இடையே தொடர்ச்சி ஏதும் இல்லை. ஆயினும் ஆய்வுலகம் இம்முன்நிகழ்வைப் பதிவு செய்தல் வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையும் அதன் பின்னும்

1973 டிசம்பரில் இந்தியாவும் தென்கொரியாவும் முழுத் தூதரக உறவு கொண்டன. அதன் பின்னும் இருபது ஆண்டுகளுக்கு இங்கே கொரியர் வரவு பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. 1991ஆம் ஆண்டுப் பொருளாதாரத் திறப்பிற்குப் பின் நிலைமை மாறியது. 1990களின் நடுவில் தேவூ, சாம்சங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் நொய்டாவைச் சார்ந்து கால்கொண்டன. ஹூண்டாய் மோட்டார் நிறுவனம் மட்டும் தெற்கைத் தேர்ந்தது. 1996 மே மாதத்தில் அதன் இந்தியக் கிளை தொடங்கப்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஆலை எழுந்தது. 1998இல் ‘சான்ட்ரோ’ மகிழுந்து சந்தைக்கு வந்தது. 2008இல் அதே வளாகத்தில் இரண்டாம் ஆலை இயங்கத் தொடங்கியது.

மகிழுந்து ஆலை தனித்து வருவதில்லை. ஒரு வண்டிக்குத் தேவையான பல்லாயிரம் உறுப்புகளைக் குறித்த நேரத்தில் கொண்டுசேர்க்கும் துணை நிறுவனங்கள் அதன் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஆகவே ஹூண்டாய் மோபிஸ், மாண்டோ, ஹ்வாஷின் போன்ற கொரிய உறுப்பு உற்பத்தி நிறுவனங்களும் உடன் வந்தன. கொரியர் தொகையை உயர்த்தியதில் தாய் ஆலையைவிட இத்துணை நிறுவனங்களின் பங்கை மிகுதியாகக் கருதலாம். ஒவ்வொன்றிலும் சிலரே கொரியர் எனினும், நிறுவனங்கள் பல. 2004இல் லோட்டே நிறுவனம் பாரி மிட்டாய் நிறுவனத்தை வாங்கியது. 2007இல் சாம்சங் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை தொடங்கியது. 2010 சனவரியில் இரு நாடுகளுக்கும் இடையிலான விரிவான பொருளாதாரக் கூட்டுறவு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. சென்னையில் கொரியத் துணைத் தூதரகமும் அமைந்தது.

இவ்வாறு வருவோரைக் கொரிய மொழி ‘சூசேவொன்’ எனக் குறிக்கிறது. நிறுவனத்தால் குறித்த காலத்துக்கு அயல்நாட்டுக் கிளைக்கு அனுப்பப்படுபவர் என்பது பொருள். வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் அவர் திரும்புவார். அவரது இருக்கைக்கு வேறொருவர் வருவார். பல வேளைகளில் அவர் குடியிருந்த வீடும், ஓட்டுநரும், சமையலரும் புதியவருக்குக் கைமாறுவதுண்டு. இச்சொல்லுக்கு நேரான தமிழ்ச்சொல் இன்மையால் இக்கட்டுரை ‘பணித்தங்கலர்’ என்னும் சொல்லைக் கையாள்கிறது.

வாழிடப் பரவல்: ஒரு சாலையும் ஒரு பள்ளியும்

லாஸ் ஏஞ்சல்சு போன்று சென்னையில் ‘கொரியர் நகர்’ எனச் சுட்டத்தக்க ஒரு தெரு இல்லை. பரவலாக வாழ்கின்றனர் என்று கூறி விட்டுவிடுவதும் பொருந்தாது. பரவலுக்கு ஒழுங்கு உண்டு. அதனை இரண்டு ஈர்ப்புப் புள்ளிகள் உருவாக்கின.

முதற்புள்ளி ஆலை. இருங்காட்டுக்கோட்டை, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உள்ளது. நகருக்குள் அந்நெடுஞ்சாலையின் தொடர்ச்சியே பூந்தமல்லி நெடுஞ்சாலை. அச்சாலை ஒட்டிச் செல்லும் பழைய வசதியான குடியிருப்புப் பகுதி கீழ்ப்பாக்கம். அதற்கு வடமேற்கே அண்ணா நகர், தெற்கே நுங்கம்பாக்கம். 1990களின் இறுதியில் வந்த குடும்பங்கள் இப்பகுதிகளில் வீடு தேடியதும், கொரிய உணவகங்கள் கீழ்ப்பாக்கத்தில் முதலில் தோன்றியதும் இதனாலேயே எனலாம். காலையில் நகரின் நெரிசலுக்கு எதிர்த்திசையில், வேறு சாலைக்குத் திரும்பாமல் ஆலையை அடையலாம் என்பது அப்பகுதிக்கு இருந்த வாய்ப்பு.

இரண்டாம் புள்ளி பள்ளி. ஆங்கிலவழி பன்னாட்டுக் கல்வி கொரியப் பெற்றோர் அயல்நாட்டுப் பணியை ஏற்பதற்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 1995இல் தொடங்கப்பட்டுத் தரமணியில் இயங்கும் அமெரிக்கப் பன்னாட்டுப் பள்ளியும், பின்னர் பழைய மாமல்லபுரம் சாலையையொட்டி எழுந்த பன்னாட்டுப் பள்ளிகளும் குடும்பங்களைத் தெற்கு நோக்கி ஈர்த்தன. அடையாறு, வேளச்சேரி, பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்குமாடிகள் ஆகியன இவ்வாறு கொரியர் வாழிடங்களாயின. ஆலை மேற்கே, பள்ளி தெற்கே. தந்தையின் பயணமும் குழந்தையின் பயணமும் எதிரெதிர்த் திசைகளில் அமைய, வீடு இரண்டுக்கும் இடையில் ஒரு சமரசமாக அமைந்தது.

குடும்பமின்றி வரும் பொறியாளர்க்கும், சில மாதங்களுக்கு இயந்திரம் நிறுவ வருவோர்க்கும் இச்சிக்கல் இல்லை. அவர்கள் ஸ்ரீபெரும்புதூரிலேயே தங்குகின்றனர். இராமானுசர் பிறந்த தலமாகிய அவ்வூரின் நெடுஞ்சாலையில், கொரிய எழுத்தில் பெயர் தாங்கிய விருந்தினர் இல்லங்களையும் உணவகங்களையும் இன்று காணலாம். ஆண்களே மிகுந்த, வார நாள்களில் நிரம்பும் வாழிடம் இது. சென்னை வாழிடம் குடும்பங்களாலும் ஸ்ரீபெரும்புதூர் வாழிடம் தனியராலும் ஆனது என்னும் வேறுபாட்டை மொத்தத் தொகை காட்டுவதில்லை.

மூன்றாவதாக ஒரு வாழிடமும் உண்டு. அது திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901இல் அமெரிக்க மறைப்பணியாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. 1970களில் பன்னாட்டுப் பள்ளியாக மாறிய இவ்விடுதிப் பள்ளியில் கொரிய மாணவர் கண்ணுக்குத் தெரியும் அளவில் பயின்றுவந்துள்ளனர். கொரியாவில் ‘முன்பருவ அயல்நாட்டுக் கல்வி’ என்னும் அலை 2006இல் உச்சம் தொட்டது. அவ்வாண்டில் மட்டும் ஏறத்தாழ 29,500 பள்ளிச் சிறார் வெளிநாடு சென்றனர். அமெரிக்கா, கனடா, ஆசுத்திரேலியா செல்ல வசதி போதாதோர் பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், இந்தியா ஆகிய நாடுகளின் ஆங்கிலவழிப் பள்ளிகளை நாடினர். மனைவி மக்களை வெளிநாட்டில் வைத்துத் தாயகத்தில் தனித்து உழைக்கும் தந்தையைக் கொரியர் ‘காட்டுவாத்துத் தந்தை’ என்பர். பருவந்தோறும் பறந்துவந்து பார்த்துச் செல்வதால் வந்த பெயர். நம் மாவட்டத்து மலையில் பெற்றோரின்றிக் குழந்தைகள் மட்டுமே வாழும் ஒரு கொரியர் வாழிடம் இருந்துவருவதைத் தமிழ்நாட்டுக் கொரியர் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

ஆரோவிலில் சிறு எண்ணிக்கையில் வாழும் கொரியர் முற்றிலும் வேறு வகையினர். தம் விருப்பால் வந்து நெடுங்காலம் வாழும் அவர்களுக்கே ‘குடியேறியோர்’ என்னும் சொல் ஓரளவு பொருந்தும்.

வேர்விடாமைக்கான காரணங்கள்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நிலைத்த ஒரு கூட்டத்தில் இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழ் பேசி, இங்கேயே தொழில் செய்யும் இரண்டாம் தலைமுறை ஒன்று ஏன் கண்ணுக்குப் புலப்படும் அளவில் உருவாகவில்லை? பண்பாட்டு வேற்றுமை என்னும் விடை எளிது, ஆனால் போதாது. மொழியும் உணவும் சமயமும் வேறாக இருந்த உசுபெக்கிசுத்தானில் கொரியர் வேர்விட்டனர் அல்லவா?

காரணங்கள் பெரிதும் சட்டத்திலும் கல்வி முறையிலும் உள்ளன. இந்தியாவின் வேலைவாய்ப்பு நுழைவிசைவு, ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 டாலருக்குக் குறையாத ஊதியம் பெறுவோர்க்கே உரியதாக நெடுங்காலம் வகுக்கப்பட்டிருந்தது. இதனால் மேலாளரும் பொறியாளரும் வர இயலும். சிறு பணியாளர் வர இயலாது. ஹவாயிலும் மெக்சிக்கோவிலும் வேர்விட்டோர் கூலிகள். இங்கே அத்தகையோர்க்குக் கதவு திறப்பதில்லை. குடியுரிமை வேண்டின் நெடுங்கால வாழ்க்கையை மெய்ப்பித்தல் வேண்டும். இரட்டைக் குடியுரிமையை இந்தியா ஏற்பதில்லை என்பதால் கொரியக் கடவுச்சீட்டைத் துறத்தல் வேண்டும். வேளாண் நிலத்தை அயல்நாட்டுக் குடிமக்கள் வாங்க இயலாது.

கொரியப் பக்கமும் ஈர்ப்பு வலிது. பெற்றோருடன் மூன்றாண்டுகளுக்குக் குறையாது அயல்நாட்டில் பயின்று வந்தோர்க்குக் கொரியப் பல்கலைக்கழகங்கள் தனிச் சேர்க்கை முறை ஒன்றை வைத்துள்ளன. உயர்நிலைப் பள்ளிக் காலமும் அம்மூன்றாண்டில் அடங்குதல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளும் வெளியே பயின்றோர்க்கு வேறொரு முறை உண்டு. பிள்ளையின் மூன்றாண்டு நிறையும்வரை தங்குவதும், நிறைந்தவுடன் புறப்படுவதும் இவ்விதியின் விளைவாக அமைகின்றன. ஆண்பிள்ளைகளுக்குக் கட்டாயப் படைப்பணி காத்திருக்கிறது. பிள்ளையின் எதிர்காலம் முழுவதும் சியோலை நோக்கி அமைக்கப்பட்டுள்ளபோது தமிழ் கற்பதற்கான தேவை எழுவதில்லை. வாரயிறுதிக் கொரிய மொழிப் பள்ளியும் தேவாலயமும் கொரியர் சங்கமும் அக்குழந்தையைத் திரும்பிச் செல்வதற்கே ஆயத்தம் செய்கின்றன. அமெரிக்காவில் கொரியத் தேவாலயம் குடியேறியோர் வேர்விடத் துணைநின்றது. சென்னையில் அதே அமைப்பு வேர் அறாமல் திரும்பத் துணைநிற்கிறது.

சத்திரத்தைச் சூழ்ந்து அமைந்த ஊர்

பழனிச் சாலைச் சத்திரங்களுக்குத் திரும்புவோம். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இச்சாலையில் நடந்து செல்வோர் இன்றும் பல்லாயிரவர். அவர்களுள் எவரும் இங்கே குடியமர்வதில்லை. எனினும் சத்திரத்தைச் சார்ந்து ஊர் உண்டாயிற்று. அவ்வூரை உண்டாக்கியோர் தங்கிச் சென்றவர்களுக்குச் சோறும் நீரும் வண்டியும் தீவனமும் தந்தோர். ஒட்டன்சத்திரம் இன்று தமிழகத்தின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று. அதன் பெயரில் மட்டுமே வழிப்போக்கர் எஞ்சியுள்ளனர்.

ஸ்ரீபெரும்புதூரிலும் சென்னையிலும் நிகழ்ந்திருப்பதும் இதுவே என்பது இக்கட்டுரையின் கருத்து. கொரியர் வரவால் குடியமர்ந்தோர் கொரியர் அல்லர். அவர்களைச் சார்ந்து வாழ்வை அமைத்துக்கொண்ட பிறர். கிம்ச்சி ஊறவைக்கவும் சோயா விழுதில் குழம்பு வைக்கவும் கற்ற தமிழ்ச் சமையலர், கொரியம் பயின்று ஆலைகளில் மொழிபெயர்ப்பாளராக உள்ள இளைஞர், பத்தாண்டுகளாக ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த மேலாளர்களுக்கு வண்டி ஓட்டியோர், வீட்டுத் தரகர், உணவகங்களில் பணிபுரிய வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்தோர் ஆகியோரே இவ்வாழிடத்தின் நிலையான குடிகள். ஒவ்வொரு மேலாளர் மாறும்போதும் நகரத்தைப் பற்றிய அறிவு கொரியரிடமிருந்து கொரியருக்குச் செல்வதைவிட இவர்கள் வழியாகவே புதியவரைச் சென்று சேர்கிறது. லாஸ் ஏஞ்சல்சு கொரியர் நகரில் உழைக்கும் இலத்தீன் அமெரிக்கரின் நிலையோடு இது ஓரளவு ஒத்தது. அங்கே கடை உரிமையாளர் அந்நாட்டுக் குடிமகன். இங்கே அவர் பணித்தங்கலர் அல்லது அவரை நம்பிக் கடை வைத்த மற்றொரு கொரியர் என்பது வேறுபாடு.

இவ்வமைப்பில் இடர் யாருக்கு என்பதும் இதனால் தெளிவாகிறது. நிறுவனம் கொரியரின் பணியிடங்களைக் குறைத்து உள்நாட்டவரை அமர்த்தினாலும், ஆலையை வேறிடத்தில் விரிவாக்கினாலும் பணித்தங்கலர் வேறொரு நகருக்குச் செல்வார். ஆந்திரத்தின் அனந்தபூர் பகுதியில் பெனுகொண்டாவை அடுத்துக் கியா ஆலை 2019இல் உற்பத்தியைத் தொடங்கியபோது அங்கும் கொரிய உணவகங்கள் தோன்றின. மராட்டியத்தின் தலேகானில் பழைய செனரல் மோட்டார்ஸ் ஆலையை ஹூண்டாய் 2023இல் வாங்க ஒப்பந்தம் செய்தது. கொரியம் கற்ற ஸ்ரீபெரும்புதூர்ச் சமையலரும் மொழிபெயர்ப்பாளரும் அங்கெல்லாம் பெயர்ந்து செல்வரா என்பது புலம்பெயர்வு ஆய்வுக்குரிய வினா. கொரியரைத் தொடர்ந்து தமிழர் பெயரும் உட்புலம்பெயர்வாக அது அமையலாம்.

ஆலைக்கு உள்ளே உள்ள உறவு வேறு. 2024 செப்டம்பரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் சங்க ஏற்பை முன்வைத்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள்கள் நீடித்தது. அங்கே கொரியர் என்போர் மேலாண்மையின் உருவம். வெளியே அவர்கள் வாடிக்கையாளர். அண்டை வீட்டார் என்னும் மூன்றாம் உறவு மிக அரிதாகவே அமைகிறது. குடியேற்றத்தை அளக்க அண்டை உறவைவிடச் சிறந்த அளவுகோல் உண்டா என்பது ஐயமே.

மொழி ஒப்புமை பற்றி ஒரு குறிப்பு

கொரியரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பலவும் ‘அம்மா’, ‘அப்பா’ என்னும் சொற்களில் தொடங்கி, ஆயுத்த நாட்டு இளவரசி கொரியா சென்று அரசியானாள் என்னும் ‘சாம்குக் யூசா’ செய்தியில் முடிகின்றன. அந்நூல் 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவியால் தொகுக்கப்பட்டது; அது கூறும் நிகழ்ச்சியோ கி.பி. 48ஆம் ஆண்டுக்கு உரியது. இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் உள்ளன. ஹல்பர்ட் 1905இல் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அம்முயற்சி மதிக்கத்தக்கது, எனினும் அது காட்டும் உறவை மொழியியலார் பொதுவாக ஏற்கவில்லை. அம்மா, அப்பா போன்ற குழந்தைப் பருவச் சொற்கள் உறவில்லாத பல மொழிகளிலும் ஒத்திருப்பவை. இவற்றைச் சென்னை விழாக்களில் நட்புரையாகப் பேசுவதில் பிழையில்லை. 2006இல் நிறுவப்பட்ட இந்திய-கொரியப் பண்பாட்டு மையமாகிய ‘இன்கோ’ போன்றவை கலை, மொழி வகுப்புகள் வழியே வளர்த்துவரும் அறிமுகத்துக்கு அது துணைசெய்யும். ஆனால் இன்றைய வாழிடப் பரவலுக்கு அதனைக் காரணமாகக் காட்டலாகாது. ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது துறைமுகமும் நிலமும் திறன்மிக்க உழைப்பும் அரசின் சலுகையும் கருதியே. இளவரசியின் வழியைத் தேடி அன்று.

தரவுகள் குறித்து

இத்துறையில் மேலாய்வு செய்வோர்க்குத் தூதரகத் தொகைகளைவிடப் பயன்தரும் சான்றுகள் உள்ளூரிலேயே உள்ளன. அயல்நாட்டினர் எவர் தங்கினாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் விடுதியாரும் வீட்டு உரிமையாளரும் உரிய படிவத்தை அளித்தல் வேண்டும். நூற்றெண்பது நாளுக்கு மேற்பட்ட நுழைவிசைவில் வருவோர் மண்டலப் பதிவு அலுவலகத்தில் பதிதல் வேண்டும். தனியர் விவரம் நீக்கிய நிலையில் இப்பதிவுகள் ஆய்வுக்குக் கிடைக்குமாயின், ஒருவர் சராசரியாக எத்தனை மாதம் தங்குகிறார், எப்பகுதியிலிருந்து எப்பகுதிக்குப் பெயர்கிறார், இரண்டாம் முறை திரும்பி வருவோர் எத்துணையர் என்பனவற்றை ஆண்டுவாரியாகக் கணிக்க இயலும். மொத்தத் தொகையைவிடத் தங்கற்காலமே இங்கு அளக்கத்தக்கது. மற்றொரு வகைச் சான்று காலத்தோடு போட்டியிடுவது. 1990களின் இறுதியில் கீழ்ப்பாக்கத்தில் முதற்குடும்பங்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தோர், முதல் உணவகங்களில் சமைத்தோர், ஆலை கட்டப்பட்டபோது கைச்சாடையால் மொழிபெயர்த்தோர் இன்று ஐம்பது, அறுபது வயதினர். அவர்களின் வாய்மொழி இன்னும் தொகுக்கப்பட வேண்டியுள்ளது. அவர்கள் பணிசெய்த கொரியருள் பெரும்பாலோர் தாயகம் திரும்பிவிட்டமையால், அத்தொடக்க ஆண்டுகளின் நினைவு இங்கே இவர்களிடம் மட்டுமே உள்ளது.